மன்னிக்கச் சொல்லுமுன்

தவக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஆலயங்களில் ஒரு தொடர் தவறாமல் ஒலிக்கும்: ‘மறப்போம், மன்னிப்போம்.’ தமிழக அரசியல் மேடைகளில் புழங்கிப் பெயர்பெற்ற தொடர் அது. எவ்வாறோ பீடத்தின் படியேறி வந்து, ஆண்டவரே மலைமீது அமர்ந்து அருளிய வாக்கைப்போல் நிலைபெற்றுவிட்டது. மன்னிப்பைப் பற்றி நற்செய்தி நிறையவே பேசுகிறது. ஆனால் இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிடுமாறு அது யாரையும் கேட்கவில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொண்டு சீடர் நடுவில் வந்து நிற்கவில்லை. தோமாவை அழைத்துக் கைகளையும் விலாவையும் காட்டினார்.

இத்தொடரோடு எனக்குள்ள வழக்கு இதனினும் பெரிது. அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே ஆலயத்தில் அமர்ந்திருக்க, அடிபட்டவர் முகத்தைப் பார்த்தே மன்னிப்பு போதிக்கப்படுகிறது. அடித்தவருக்கென்று திருச்சபை வைத்திருக்கும் போதனை மனமாற்றம். அன்றைய மறையுரையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. காரணம் தெரிந்ததே. மன்னிக்கச் சொன்னால் ஏழை எதிர்த்துப் பேசமாட்டார். மனம்மாறச் சொன்னால் ஊர்ப் பெரியவர் அடுத்த திருவிழாவுக்கு நன்கொடை தரமாட்டார்.

இதை எழுதத் தூண்டியது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறு. இங்கே ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. தீபம் ஏற்றும் வடமாவட்டத் திருவண்ணாமலை அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில், சீனிவாசப் பெருமாள் கோயில்கொண்டிருக்கும் சிற்றூர். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ‘கோவிந்தா’ முழக்கத்தோடு சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கே திரளும். திரண்ட கூட்டம் கலைந்து இறங்கும்போது அவரவர் தெருவுக்கு அவரவர் போவார்கள். கத்தோலிக்கர் நாம் அதைக் கண்டு முறுவலிக்க வேண்டாம். ஒரே அப்பத்தை உண்டு எழுந்த நாமும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறோம். இறந்தபின் அவரவர் கல்லறைக்கும் போகிறோம்.

வத்திராயிருப்பு அருகிலுள்ள புதுப்பட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் பாமா, 1992-இல் வெளியிட்ட ‘கருக்கு’ நூலில் இதைப் பதிவுசெய்தார். கல்லறை நிலத்தையொட்டி மூண்ட சாதிச் சண்டையும், அதன்பின் காவல்துறை சேரிக்குள் புகுந்து ஆடிய ஆட்டமும் அதில் உண்டு. துறவு மடத்திற்குள் சென்று, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் வாக்குமூலம் அந்நூல். நம்மில் பலர் அதைத் திருச்சபையின் மீதான வசை என்றே வாசித்தோம். ஆன்ம சோதனைக்குரிய நூலாக வாசித்தவர் சிலரே.

பின்னர் 1997 வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கவிருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்ட அரசு முடிவுசெய்தது. கட்டபொம்மனின் படையில் நின்றவராகப் போற்றப்படும் தேவேந்திரகுல வீரர் அவர். அவர் பெயரெழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினரிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அதைத் தொடர்ந்து இவ்வட்டாரத்து ஊர்களில் எரிந்த குடிசைகளையும் வெட்டுண்ட உடல்களையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிரிழந்தோர் இரு தரப்பிலும் இருந்தனர். முடிவில் அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அவ்வாறுதான். ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய வண்டியில் அமர்வதைத் தீட்டென்று கருதிய மனநிலையே அங்கு பாவம். அப்பாவத்தை எவரும் தொடவில்லை.

கலவரம் ஓய்ந்ததும் சமாதானக் கூட்டம் கூடுவது நம் வழக்கம். அதிகாரி ஒருவர் தலைமை ஏற்பார். இரு தரப்புப் பெரியவர்களும் காகிதத்தில் கையெழுத்திடுவார்கள். அருட்பணியாளர் இருந்தால் அவரையும் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வார்கள். குடிசை இழந்தவரும் குடிசை கொளுத்தியவரும் அக்காகிதத்தில் ‘இரு தரப்பினர்’ ஆகிவிடுவர். யார் எதைச் செய்தார் என்ற கேள்வியே எழாது. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சண்டையிட்டால்கூட ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கைகுலுக்கச் சொல்வார்.

பழைய ஞானோபதேசம் படித்த பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய ஐந்து காரியங்களை விரல்விட்டுச் சொல்வார்கள்: பாவங்களை நினைத்துப் பார்த்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் வெளிப்படுத்துதல், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். கடவுளே மன்னிக்கும் இடத்தில் திருச்சபை வகுத்த ஒழுங்கு இது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: பாவம் மன்னிக்கப்பட்டாலும் அப்பாவத்தால் விளைந்த கேடு தானாகச் சீராகிவிடாது, திருடியதைத் திருப்பித் தரவேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தரவேண்டும், காயத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். கோழி திருடியவரிடம் இவ்வளவு கேட்கும் நாம், தெருவையே கொளுத்தியவரிடம் ஏன் ஒன்றும் கேட்பதில்லை? சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் செய்த முதற்காரியம், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னதே. ஏமாந்தவர்களைக் கூட்டி அவரை மன்னித்துவிடுமாறு இயேசு அங்கே சொல்லவில்லை.

மலைப்பொழிவையே சரியாக வாசிப்போம். காணிக்கையைப் பீடத்தின்முன் விட்டுவிட்டுப் புறப்படும்படி ஆண்டவர் பணிப்பது, தன்மீது பிறருக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுகூர்பவரைத்தான். நடக்க வேண்டியவர் குற்றம் செய்தவர். நாமோ காயம்பட்டவரை நடக்கச் சொல்கிறோம். எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கும் கணக்கும் அப்படித்தான். மத்தேயு நற்செய்தியின் அந்தப் பதினெட்டாம் அதிகாரத்தில் பேதுரு தம் கேள்வியைக் கேட்குமுன், குற்றம் செய்த சகோதரரிடம் தனியே சென்று குற்றத்தை எடுத்துக்காட்டவும், கேளாவிடில் சாட்சிகளோடு செல்லவும், அதற்கும் கேளாவிடில் திருச்சபையிடம் சொல்லவும் ஆண்டவர் வழிகாட்டியிருக்கிறார். கடைசிப் படியில், ‘திருச்சபையிடம் சொல்’ என்று அனுப்பப்பட்டவர் வந்து நிற்கும்போது, ‘மன்னித்துவிடப்பா’ என்று திருப்பி அனுப்புவது எந்த நற்செய்தி?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பே. சிலுவையில் தொங்கியவர் எவருடைய மனமாற்றத்திற்கும் காத்திராமல் மன்னிப்புக்காக வேண்டினாரே? ஆம், வேண்டினார். ஆனால் வேண்டியவர் அறையப்பட்டவர். சிலுவையடியில் நின்ற எவரும் அவர் சார்பில் மன்னிப்பு வழங்கவுமில்லை. மன்னித்துவிடுமாறு அவரை வற்புறுத்தவுமில்லை. அதே இயேசு, முந்திய இரவில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, எக்குற்றத்துக்காக அடித்தாய் என்று நேருக்குநேர் கேட்டார் என்பதை யோவான் நற்செய்தி மறைக்கவில்லை. ஸ்தேவான் தம்மீது கல்லெறிந்தவர்களுக்காக மண்டியிட்டு மன்றாடினார். அதற்குச் சற்றுமுன்தான் அவர்களுடைய பிடிவாதத்தையும் கொலைபாதகத்தையும் முகத்துக்கெதிரே சாடியிருந்தார். பகைவருக்காகச் செபிப்பது என்றால் அவர் மனந்திரும்பி வாழச் செபிப்பதே. அவர் செய்தது பாவமே இல்லை என்பதுபோல் நடித்துக்கொண்டு அச்செபத்தை எப்படிச் செய்வது? பகைவரைப் பாவத்திலேயே விட்டுவைத்து, அவர் தரும் கொடியேற்றச் செலவைப் பெற்றுக்கொள்பவர் அவரை நேசிக்கிறார் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

திருச்சபைக்கு ஒரு காலத்தில் இந்தத் துணிவு இருந்தது. 390-ஆம் ஆண்டில் பேரரசர் தெயோதோசியுவின் ஆணையால் தெசலோனிக்கா நகரில் ஆயிரக்கணக்கானோர் கொன்று குவிக்கப்பட்டனர். மிலான் ஆயர் புனித அம்புரோசு மடல் எழுதியது பேரரசருக்கே. அவர் தவம் மேற்கொள்ளாத வரையில் அவர் முன்னிலையில் தம்மால் திருப்பலி நிறைவேற்ற இயலாது என்றார். உலகாண்ட மன்னர் அரச அணிகளைக் களைந்து, மக்கள் காணத் தவம்செய்த பிறகே திருவிருந்தில் சேர்க்கப்பட்டார்.

அதற்காக, பாதிக்கப்பட்டவர் அரிவாளைத் தீட்டலாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். பழிவாங்குதல் கிறித்தவருக்கு எக்காலத்தும் விலக்கப்பட்டதே. உள்ளத்தில் வன்மம் வைத்து வாழ்பவரை அந்த வன்மமே முதலில் தின்னும் என்பதும் உண்மைதான். என் வாதம் ஒன்றே: மன்னிப்பு காயம்பட்டவரின் உரிமைப்பொருள். அவர் கையிலிருந்து அதைப் பறித்து வழங்க அரசுக்கும் அதிகாரமில்லை, குருவுக்கும் அதிகாரமில்லை.

அவரே தந்தால் அது எத்தகையது என்பதற்குச் சான்று உண்டு. 1995 பிப்ரவரி 25-ஆம் நாள், மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளிடையே உழைத்த அருட்சகோதரி ராணி மரியா, ஓடும் பேருந்தில் பயணிகள் கண்முன்னே குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற சமந்தர் சிங் சிறை சென்றார். 2002-இல் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை அருட்சகோதரி செல்மி பவுல் சிறைக்கே சென்று அவர் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரராக ஏற்றார். சமந்தர் சிங் தம் செயலுக்காக வருந்தினார். குடும்பத்தினரும் துறவு சபையினரும் விடுதலை வேண்ட, 2006-இல் அவர் வெளிவந்தார். 2017-இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 1981-இல் தம்மைச் சுட்டவரை 1983-இல் சிறையில் சென்று சந்தித்தார். மன்னிப்பு பெற்ற அவர் 2000 வரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தார்.

மதுரை மாவட்டம் மேலவளவில் நடந்ததை இதனருகில் வைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். (நம் கதைகளில் மீண்டும் மீண்டும் பேருந்தே வருவதைக் கவனியுங்கள், எல்லாரும் சேர்ந்து அமரும் இடம் அதுவொன்றே போலும்.) ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008-இலும் பதின்மூவரை 2019-இலும் அரசு விடுவித்தது. அந்த விடுதலைக்குக் காரணமாய் அமைந்தவை தலைவர்களின் நூற்றாண்டு விழாக்கள். கைம்பெண்களிடம் யாரும் விண்ணப்பித்ததில்லை; அவர்கள் கொடுக்காத மன்னிப்பை அரசு எடுத்துக் கொடுத்தது. நம் மறையுரைகள் செய்வதும் இதையே, சிறிய அளவில்.

2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம், சாதி சார்ந்த பாகுபாட்டின் சாயல்கூட மனித ஒன்றிப்புக்கு எதிர்ச்சான்று என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் நிலவும் தீண்டாமையைப் பெரும் சமூகப் பாவம் என்று ஒப்புக்கொண்டது. அறிக்கையிட்டாயிற்று, மீதி இருப்பது அபராதம் தீர்த்தல். கல்லறைச் சுவரை யார் இடிப்பது, தேர் எந்தத் தெருவழியே போவது என்பதெல்லாம் அந்த அபராதத்தின் விவரங்கள். அவற்றைப் பங்குப் பேரவையில் பேசத் தொடங்கினால் கூட்டம் அதோடு கலைந்துவிடுகிறது.

பெரிய மாற்றங்களுக்குக் காத்திராமல் நம் பங்குகளில் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒப்புரவு வழிபாட்டுக்கு முன்பு மக்கள் கையில் தரும் ஆன்ம சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்கு வராமலிருந்தது, பொய் சொன்னது, கெட்ட படம் பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். என் சாதியார் செய்த கொடுமையை அறிந்தும் சாட்சி சொல்லாமல் இருந்தேனா? வேலைக்கு வந்தவருக்குத் தனிக் குவளை வைத்தேனா? சமாதானக் கூட்டத்தில் குற்றவாளியைக் காப்பாற்றக் கையெழுத்திட்டேனா? தாள் அச்சகத்துக்குப் போவது சாம்பல் புதனுக்கு முன்பே. பங்குப் பேரவையில் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.