மணி சோபால ஏறலாமா?

போன பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப ஹால்ல ஒரு எல்லைப் பிரச்சினை ஓடிக்கிட்டு இருந்தது. ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் மணி. நடுவுல இன்னும் இ.எம்.ஐ. முடியாத சாம்பல் கலர் சோபா.

மணி எங்க நாய். ஆமா, பேரே மணிதான். மூணு வயசு நாட்டு நாய். ஒரு மழை நாள்ல தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குக் கீழ நடுங்கிக்கிட்டு இருந்தவனை நான்தான் தூக்கிட்டு வந்தேன். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன், அவன் வீட்ல தங்கிட்டான். அப்பாவோட கொள்கை ஒரே வரி: "நாய்னா வாசல்ல இருக்கணும்." அம்மா கொள்கைன்னு எதுவும் சொல்ல மாட்டாங்க. அப்பா ஆபீஸ் போனதும் மணி சோபால இருப்பான், சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் தானே இறங்கிடுவான். நான் ரெண்டு வருஷமா போன்லயே மணிக்கு வக்கீல். ஏறலாம்ங்கறதுதான் இப்பவும் என் கட்சி. ஆனா அதை நான் வாதாடின விதம் சரியில்லைன்னு இப்பதான் புரியுது.

அப்பாவோட முதல் ஆயுதம் ஒரு யூடியூப் வீடியோ. நாயை நம்ம உட்கார்ற இடத்துல ஏத்தினா அது தன்னை வீட்டுத் தலைவன்னு நினைச்சுக்கும், அப்புறம் சொல் பேச்சு கேட்காதுன்னு ஒரு டிரெய்னர் சொல்றார். நம்மில் பாதிப் பேர் இதைக் கேட்டிருப்போம். இது எங்க இருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தேன். 1947-ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்துல பாசெல் மிருகக்காட்சி சாலை ஓநாய்களைப் பத்தி எழுதினார். ஒண்ணா அடைச்சு வெச்ச ஓநாய்கள், யார் பெரியவன்னு சண்டை போட்டுக்கிட்டுதான் இருந்தது. 1970-ல டேவிட் மெக் எழுதின ஓநாய் புத்தகம் இந்த 'ஆல்ஃபா' கதையை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு. ஆனா அதே மெக், கனடாவோட எல்ஸ்மியர் தீவுல காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கா பக்கத்துல இருந்து பார்த்துட்டு, 1999-ல வேற மாதிரி எழுதினார். காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பிள்ளைங்க, அவ்வளவுதான். புத்தகம் எழுதினவரே மாத்திக்கிட்டார், நம்ம யூடியூப் டிரெய்னருங்கதான் இன்னும் மாத்திக்கல. நாலு அந்நியரை ஒரே ஹாஸ்டல் ரூம்ல போட்டுட்டு இதுதான் மனுஷ இயல்புன்னு ரெக்கார்டு நோட்ல எழுதற மாதிரி.

நாய்க்கு சோபா சிம்மாசனம் இல்லை. மெத்துனு இருக்கு, நம்ம வாசனை அடிக்குது, ஜன்னல் தெரியுது, அதான் விஷயம். சில நாய் சோபால இருந்து இறக்கினா உறுமும். அதுவும் பெரும்பாலும் பிடிச்ச இடம் போயிடுமோங்கற பயம்தான். பிஸ்கட்டைக் காட்டி 'மேல', 'கீழ'ன்னு ரெண்டு வார்த்தை பழக்கினா நிறைய நாய் கத்துக்கும். மணி பத்து நாள்ல கத்துக்கிட்டான்.

இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்பி அப்பாவை ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அப்பதான் உண்ணி வந்தது.

போன வருஷம் ஆகஸ்ட்ல மணி ரெண்டு நாள் சாப்பிடல. மூணாவது நாள் மூக்குல ரத்தம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சிருக்கு, உண்ணிக் காய்ச்சல்னார். எர்லிகியான்னு ஒரு பாக்டீரியா, பழுப்பு நாய் உண்ணி கடிச்சா வரும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் தயிர்சாதத்துல ஒளிச்சு வெச்சுக் கொடுத்தாங்க அம்மா. பிழைச்சுக்கிட்டான்.

இந்த உண்ணியைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது சும்மா நாய் மேலேயே உட்கார்ந்திருக்கிற பூச்சி இல்லை. முட்டையில இருந்து பெரிசாகற வரைக்கும் மூணு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு தடவை ரத்தம் குடிச்சிட்டுக் கீழ விழுந்து ஒளிஞ்சுக்கும், அடுத்த கட்டத்துக்கு மறுபடி நாய் மேல ஏறும். பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடறது நாய் மேல இல்லை, சுவர் விரிசல்லயும் இடுக்குலயும். வீட்டுக்குள்ளேயே அதோட வாழ்க்கைச் சக்கரம் முழுசும் முடிஞ்சிடும். எங்க வீட்ல எங்க இருந்ததுன்னு நினைக்கறீங்க? சோபா தையல் மடிப்புல, அதுக்குப் பின்னாடி சுவர்ல, சுவிட்ச் போர்டு ஓரத்துல. ஓநாய் ஆராய்ச்சி படிச்ச நான் அந்த மடிப்பை ஒரு தடவை கூட விரிச்சுப் பார்த்ததில்லை.

அதனால நாயை சோபால ஏத்தறதா இருந்தா, டாக்டர் சொல்ற இடைவெளியில உண்ணி மருந்து போட்டே ஆகணும். அது முடியாதுன்னா ஏத்தாதீங்க. ஏத்தாம வாசல்ல விட்டாலும் உண்ணி வரும்ங்கறது வேற விஷயம், அப்ப திண்ணை இடுக்குல முட்டை போடும். வீட்ல யாருக்காவது ஆஸ்துமாவோ நாய் அலர்ஜியோ இருந்தா பேச்சே வேண்டாம், நாயோட எச்சிலும் தோல் செதிலும் துணியில ஒட்டிக்கிட்டுப் போகவே போகாது. டாஷுண்ட் மாதிரி நீள முதுகு நாயும் இடுப்பு மூட்டுப் பிரச்சினை உள்ள லாப்ரடாரும் சோபால இருந்து குதிக்கறது நல்லதில்ல. இன்னொரு பக்கம், பெரிய நாய்ங்க எப்பவும் டைல்ஸ்லயே படுத்தா முழங்கை தோல் காய்ச்சுப் போயிடும். சோபா இல்லைன்னா மடிச்ச பழைய போர்வையாவது கொடுங்க.

அப்பாவோட எதிர்ப்பு உண்ணியாலயோ ஓநாயாலயோ இல்லைன்னு கொஞ்ச நாள் கழிச்சுதான் பிடிபட்டது. தாத்தா வீட்ல சோபா கிடையாது. ஒரு ஈசிசேர், ஒரு மர பெஞ்சு, சுருட்டி வெச்ச பாய்கள். ஈசிசேர்ல தாத்தாவைத் தவிர யாரும் உட்கார மாட்டாங்க, அவர் வெளியூர் போயிருந்தாலும். அப்பாவும் உட்கார்ந்ததே இல்லை. தோட்டத்து வேலைக்கு வர்றவங்க திண்ணைக்குக் கீழ வாசப்படியில உட்காருவாங்க. நாலு வயசுல நான் பெஞ்சு மேல உட்கார்ந்து காலாட்டிக்கிட்டு இருப்பேன், என் தாத்தா வயசுக்காரர் படியில இருப்பார். நம்ம வீடுகள்ல யார் எதுல உட்காரலாம்ங்கறது சௌகரிய விஷயமா இருந்ததே இல்லை. 'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும்'னு ஒரு பழமொழி இருக்கே (மீதியை இந்த இதழ்ல போட முடியாது), அதை நாயைப் பார்த்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கீழ இருந்து மேல வந்த மனுஷங்களைப் பார்த்துத்தான் சொல்லுவாங்க.

பொங்கல் லீவுல நான் ஒரு வழியா ஜெயிச்சேன். மணிக்குன்னு ஒரு பழைய பெட்ஷீட், சோபாவோட இடது மூலை. அப்பா கையெழுத்து போடாத குறைதான். மறுநாள் காலையில எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா அந்த பெட்ஷீட்டை எடுத்து மாடியில உதறி, சோபால ஒட்டின முடியை ஈரத்துணியால இழுத்து இழுத்து எடுத்தாங்க. உண்ணி வந்தப்ப தையல் மடிப்பைப் பிரிச்சு சுத்தம் பண்ணதும் அவங்கதான்னு அன்னைக்குத்தான் அம்மா சொன்னாங்க. அந்த வேலைக்குன்னு சம்பளம் ஏதும் ஏறல.

முடிச்சுட்டு, சமையலறை வாசல்ல தரையில உட்கார்ந்து டீ குடிச்சாங்க. அவங்களுக்குன்னு ஒரு டம்ளர் தனியா இருக்கு, ஜன்னல் மேல. நேர் எதிர்ல மணி சோபால மல்லாக்கப் படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். ஆறு வருஷமா பார்க்கற காட்சி, சோபாவும் நாயும்தான் புதுசு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "மேல உட்காருங்கக்கா"ன்னேன். அவங்க என்னைப் பார்க்கல, அம்மாவைப் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "எனக்குக் கீழதான் தம்பி வசதி"ன்னாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல, அடுப்பைப் பார்த்துத் திரும்பிட்டாங்க.

இதுக்காக நாயை இறக்கிவிடணும்னு நான் சொல்ல வரல. மணியை இறக்கினா அக்கா ஒண்ணும் மேல ஏறிடப் போறதில்லை. ஒரு நாய்க்காக ரெண்டு வருஷம் ஓநாய், பாக்டீரியா, முழங்கைத் தோல்னு தேடித் தேடி சண்டை போட்ட எனக்கு, இவங்களுக்காக ஒரு வரி சண்டை போடத் தோணல. அதைத்தான் சொல்றேன். நாய் முடி, உண்ணி, துவையல், எதையும் கணக்குல சேர்க்காம வாதம் பண்ணது நான்தான். இப்ப என் கட்சி இது: நாய் ஏறலாம், ஆனா அந்தத் துணியைத் துவைக்கறவங்க சம்மதிச்ச பிறகு. அந்த சோபால அவங்களும் உட்காரலாம்ங்கற வீட்ல. நம்ம காலேஜ்ல நாய் வளர்க்கற நிறைய பேர் வீட்லயும் இந்த டம்ளர் தனியா இருக்கும்னு நினைக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல சோபா தெரியும், தரை தெரியாது.

நான் பண்ணதும் தப்புதான். அக்காகிட்ட சொன்னது ஈசியான வேலை. அம்மா முன்னாடி அவங்க எப்படி "சரி"ன்னு சொல்லுவாங்க? சொல்ல வேண்டியது அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும், அக்கா இல்லாத நேரத்துல. இந்த செமஸ்டர் முடிஞ்சு மே மாசம் வீட்டுக்குப் போறேன். மே மாச வெயில்ல மணி சோபா பக்கமே வரமாட்டான். நாய்க்கு வியர்க்கறது பாதத்துல மட்டும்தான், அதனால பகல் முழுக்க பாத்ரூம் வாசல் டைல்ஸ்ல வயித்தை ஒட்டிப் படுத்துக்கிட்டு இளைப்பான். சோபா காலியாதான் இருக்கும்.