ஏக்கர் இல்லாதவர்களை யார் எண்ணுவது?

சென்ற பாடசாலை விடுமுறையில் ஜெயபுரம் போயிருந்தோம். சங்க வேலையாகவும், சொந்தம் பார்க்கவும். பூநகரிப் பக்கத்தில் உள்ள இந்தக் கிராமத்தில் 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நிறைய. இதைப் படிக்கும் தோழர்களில் பலருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ மாமியோ இருப்பார்.

அத்தை வீட்டில் காலைத் தேநீருக்கு அடுப்பு மூட்டினார்கள். மூலையில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி துணித்துண்டை எடுத்து விறகுக்கு அடியில் வைத்து நெருப்புக் குச்சியைக் கிழித்தார் அத்தை. துணி சாம்பலாகவில்லை. உருகிச் சொட்டியது. கறுப்புப் புகை கூரைக்குப் போனது.

"கண்ணு எரியலையா அத்த?"

"எரியத்தான் செய்யிது. மண்ணெண்ண விக்கிற வெலைக்கு வேற என்னாப்பா செய்ய?"

அத்தை சொன்னதில் பொய்யில்லை. 2022 ஓகஸ்ட்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. சாக்கில் இருந்தவை ஆடைத் தொழிற்சாலையின் வெட்டுத்துண்டுகள். நிறுத்து வாங்கியது. பாதி தலையணைக்குள் போனது, மீதி அடுப்புக்கு. எந்தத் தொழிற்சாலைத் துண்டு என்று சாக்கில் எழுதியிருக்கவில்லை. அதே வீட்டுப் பிள்ளை விடியுமுன் கம்பனி பஸ் ஏறி கிளிநொச்சிப் பக்கம் தைக்கப் போகிறாள். பொழுது சாய்ந்து வருகிறாள். அவள் தைக்கும் உடுப்பு கப்பலேறுகிறது. வெட்டி மிஞ்சிய துண்டு எங்கெங்கோ சுற்றி எப்படியோ ஓர் அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

துணிக்கழிவும் சுற்றாடல் நீதியும் என்று பல்கலைக்கழகங்களில் இப்போது ஆய்வுக் குழுக்கள் வேலை செய்கின்றன. சம்பளப் பிரச்சினையே தீராத நமக்கு இது எதற்கு என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத் திருப்பூரிலிருந்து தொடங்கினால் விளங்கும்.

திருப்பூர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட நம் உறவுகளுக்குத் தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலையில் மட்டுமல்ல, நூற்பாலைகளிலும் வேலை கொடுத்தார்கள். அந்தப் பஞ்சும் நூலும் போய்ச் சேரும் ஊர்களில் பெரியது திருப்பூர். பனியன் ஊர். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பெருந்தொகை உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்ததும் உப்பு தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரை நொய்யல் ஆற்றில் விட்டார்கள். கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாய்ச்சவென்று கட்டிய அணை அது. தேங்கியதோ சாயக் கழிவு. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கமக்காரர்களே கேட்கும் நிலை வந்தது. அணையைக் கட்டிவிட்டுத் திறக்காதே என்று கெஞ்சுவதை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை.

விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். சேதத்தைக் கணக்கிட ஓர் அதிகார சபை இருந்தது. அதற்காக மண்ணையும் கிணற்றையும் அளந்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம். 2004 டிசம்பரில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி இந்திய ரூபா நட்டஈடு என்று தீர்மானமானது. 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. சுத்திகரிக்காமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற கட்டளையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம்.

பல்கலைக்கழகத்தின் அளவுகோல் இல்லாமல் இருந்திருந்தால் "எங்கள் கிணறு கெட்டது" என்ற விவசாயியின் வார்த்தைக்கு எதிராக முதலாளியின் வக்கீல் ஒரே வரியில் வாதாடி முடித்திருப்பார். ஆய்வின் பெறுமதி அதுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நட்டஈடு ஏக்கர் கணக்கில் கணக்கிடப்பட்டது. காணி உள்ளவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு, களை பிடுங்கியவளுக்கு ஏக்கர் ஏது? அவள் வேலையும் ஆற்றோடு போனது. அவள் பெயர் பட்டியலில் இல்லை. 2011இல் பட்டறைகள் மூடியபோது சாயத் தொட்டியில் நின்ற தொழிலாளியும் அப்படியே வீட்டுக்குப் போனான். கழிவு ஊற்றியதில் அவனுக்கு இலாபம் இருந்ததில்லை. தண்டனையில் மட்டும் பங்கு வந்தது. இருநூறு வருசமாகத் தோட்டங்களில் உழைத்தும் பேருக்கு ஒரு பேர்ச் காணி இல்லாத நாம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். மலையில் நாளை ஒரு சேதத்தைக் கணக்கெடுக்க வந்தால், ஏக்கர் கம்பனியின் பெயரில் இருக்கும், இருமல் நம்முடைய பெயரில் இருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரியாவில், ரதுபஸ்வலைக் கிராமத்து மக்கள் சுத்தமான குடிதண்ணீர் கேட்டு வீதிக்கு இறங்கினார்கள். பக்கத்து இறப்பர் கையுறைத் தொழிற்சாலையால் கிணறுகள் கெட்டுவிட்டன என்பது அவர்கள் முறைப்பாடு. இராணுவம் சுட்டது. மூன்று இளைஞர்கள் செத்தார்கள். களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டும் தோழர்களே, அந்தக் கையுறைக்கான பால் நம் வாளியிலிருந்து போவது. அந்த ஊர் சிங்கள ஊர் என்பதால் அது வேறு கதை ஆகிவிடாது.

2019இல் கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் பிரித்தானியாவிலிருந்து வந்த கொள்கலன்கள் பிடிபட்டன. மீள்சுழற்சிக்குப் பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லி வந்தவை. திறந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கழிவும் சேர்ந்து நாறியது. சுற்றாடல் நீதிக்கான மையம் வழக்குத் தாக்கல் செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பக் கட்டளையிட்டது. மொத்தம் 263 கொள்கலன்கள். கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் கப்பலேறியது. அங்கே ஒருவன் படுத்துறங்கிக் கழித்த மெத்தை இங்கே நம் பிள்ளைகள் வேலை செய்யும் வலயத்தில் வருசக்கணக்கில் கிடந்தது. கானாவின் அக்ரா நகரில் கண்டமண்டோ என்ற பழைய துணிச் சந்தைக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உடுப்புகள் வருவதாகச் சொல்கிறார்கள். விற்காதவை கடற்கரையில் குவிகின்றன. சாமான் ஏழை நாட்டில் செய்யப்பட்டு பணக்கார நாட்டுக்குப் போய், குப்பையாக மீண்டும் ஏழை நாட்டுக்கே வருகிறது. கொழுந்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. குடித்து முடித்த தேயிலைத் தூளை யாரும் நமக்குத் திருப்பி அனுப்புவதில்லை!

"குற்றவுணர்வு இல்லாத ஆடைகள்" என்று இலங்கை ஆடைத் தொழிலதிபர்கள் ஒரு பிரசாரம் நடத்தியது சிலருக்கு நினைவிருக்கலாம். அதையே கேள்விக்குறி போட்டுத் தலைப்பாக்கி பேராசிரியர் கஞ்சனா ருவன்புர 2022இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறுவர் உழைப்பு இல்லை, கட்டடம் சுத்தம் என்பதெல்லாம் சரி, வாழப் போதுமான சம்பளமும் சங்கம் சேரும் உரிமையும் எங்கே என்பது அவர் போன்றோரின் கேள்வி. நாம் அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறோம்: வெட்டுத்துண்டு எங்கே? ஒரு துணியை வெட்டும்போது பொதுவாக நூற்றுக்குப் பத்து, பதினைந்து வீதம் கழிகிறது. பருத்தி என்றால் மட்கும். உள்ளாடைக்கும் விளையாட்டு உடுப்புக்கும் போடும் இழுபடும் துணியோ பிளாஸ்டிக் நூல் கலந்தது. பிரித்தெடுத்து மறுபடி நூலாக்குவது கடினம். எரித்தால் என்னவாகும் என்பதை அத்தை அடுப்பில் பார்த்தோம்.

தொழிற்சாலையை மூடு என்று நாம் சொல்ல மாட்டோம். அத்தை மகளின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அரிசி. வன்னியில் போருக்குப் பிறகு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் வேறு வேலை எத்தனை இருக்கிறது? இதைச் சொல்லாமல் சுற்றாடல் பேசுபவர்கள் மேல் நமக்கு நம்பிக்கை குறைவு. அதே நேரம், வேலை கொடுத்தோம், வாயை மூடு என்பவர்களை நம் பாட்டனார் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும்.

ஆகவே ஆய்வுக் குழு வந்தால் கதவைத் திறப்போம். ஆனால் லயத்துக்குக் கேள்விப் பத்திரம் கொண்டுவந்து, தேத்தண்ணி குடித்து, படம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்! முடிவைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். இனி வருபவர்களிடம் முதலிலேயே கேட்போம்: எழுதியதைத் தமிழில் எப்போது தருவீர்கள்? தண்ணீரை அளந்தால் அந்த எண்ணை எங்கள் கையில் தருவீர்களா? காணி உறுதி உள்ள வீடுகளை மட்டும் எண்ணுகிறீர்களா, அடுப்படிகளையும் எண்ணுகிறீர்களா? பெண்களிடம் தனியாகப் பேசுவீர்களா, இல்லை வாசலில் நிற்கும் ஆம்பளையிடம் கேட்டுவிட்டுப் போவீர்களா?

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கழிவு வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் கழிவை என்ன செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமோ பிரதேச சபையிடமோ அதன் பிரதியைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

ஜெயபுரத்தில் அன்று பின்னேரம் அப்படி ஒரு விண்ணப்பத்தை எழுதினோம். அத்தை மகள் வேலையால் வந்து, பஸ் களைப்போடு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கையெழுத்து அவள் போடவில்லை. வேலைக்கு வில்லங்கம் வரலாம் என்று பயந்தாள். அவளைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பேனாவை வாங்கி அத்தை போட்டார். தோட்டத்தில் பெயர் பதியும்போது கற்றுக்கொண்ட அதே கையெழுத்து. பதில் வந்ததும் இந்தப் பத்திரிகையில் முழுசாகப் போடுவோம்.