மொட்டை மாடிச் சாவி

அதிகாலையில் எழாதவருக்கு யோகாசனம் பலிக்காது என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு தீர்ப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அபார்ட்மென்ட் வாட்சப் குழுவில் வரும். வகுப்பு எடுப்பவர் சொல்வார். ராபின் சர்மாவின் ‘5 ஏஎம் கிளப்’ படித்த மேனேஜர் டீம் மீட்டிங்கில் சொல்வார். கூடவே மூன்று காரணங்கள்: பிரம்ம முகூர்த்தம், சூரிய ஒளி, வைட்டமின் டி. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி, 48 நிமிடம் முன்னால் முடிந்துவிடும். சென்னையில் ஜனவரிக் கடைசியில் சூரியன் வருவது ஏறக்குறைய 6.35க்கு. ஜூன் தொடக்கத்தில்கூட 5.40க்குச் சற்றுப் பிந்தித்தான். ஆக, பிரம்ம முகூர்த்தத்தில் இருப்பது இருட்டு. ஐந்து மணி ஆட்களுக்கும் வருஷம் பூரா ட்யூப்லைட்தான். வைட்டமின் டியோ இன்னும் வேடிக்கை. நம்ம சி.டி.எச். ரோட்டைப் பிடித்துப் போனால் வரும் திருப்பதியில் செய்து 2013ல் வெளியான ஆய்வு, தோலில் அது அதிகம் உருவாவது பகல் 11 முதல் 2 மணி வரை என்கிறது. அடிவானத்து வெயிலில் அதற்கு வேண்டிய புறஊதாக் கதிர் மிகச் சொற்பம்.

அப்படியானால் காலை வெளிச்சத்தால் பயன் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இவர்கள் சொல்லாத இடத்தில் இருக்கிறது.

முதலில் கண். விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளையின் கடிகாரத்துக்குத் தெரிவிப்பதற்கென்றே சில செல்கள் உண்டு. அந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2017ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். வீட்டு ஹாலில் ட்யூப்லைட் சில நூறு லக்ஸைத் தாண்டாது. வெளியே, மேகம் மூடிய காலையிலும், உதயமாகி ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் லக்ஸ். சூரியனை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. திறந்த வானத்துக்குக் கீழே நின்றால் போதும்.

அடுத்தது நிழல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, எங்கள் மாடியில் பார்த்தது. வெயில் கிடைமட்டமாக வரும் அந்தக் கொஞ்ச நேரம், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் என் நிழல் கிட்டத்தட்ட என் உயரத்துக்கே விழும். திரிகோணாசனத்தில் இடுப்பு முன்னால் சரிந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியில் முகத்தைத்தான் பார்ப்போம். நிழலுக்கு முகம் கிடையாது, கோடு மட்டும்தான். சூரியன் ஏற ஏற நிழல் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து குட்டையாகும். கடைசியில் சவாசனத்தில் படுக்கும்போது மூடிய இமைக்குள் செக்கச்செவேல் என்று இருக்கும். போனில் டைமர் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இது சுகம்தான். ஆனால் யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் இல்லை. பி.கே.எஸ். ஐயங்கார் 1966ல் வந்த ‘லைட் ஆன் யோகா’வில் அதிகாலை அல்லது மாலை பிந்திய நேரம் என்று இரண்டையுமே சொல்கிறார். காலையில் மனம் தெளிவாக இருக்கும், உடம்பு விறைப்பாக இருக்கும். மாலையில் உடம்பு வளைந்துகொடுக்கும் என்கிறார். அவரைவிடக் கறாரான ஆட்கள் நம் வாட்சப் குழுவில் இருக்கிறார்கள்.

எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் காலை ஏழு மணிக்கு இறங்குபவரிடம் போய் இந்த உபதேசத்தைச் சொல்லிப்பாருங்கள். அவருக்கு அந்த வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் அவருக்குச் சரியான யோசனை. எங்கள் மாடிப்படியில் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன், நீங்களும் வரலாமே என்று. “ரெண்டு டிபன் பாக்ஸ் ஆறரைக்குள்ள ரெடியாகணும். நீ சொல்ற வெளிச்சம் கிச்சன் ஜன்னல்ல கொஞ்சம் தெரியும் தம்பி, அவ்ளோதான்” என்றார். இவர்களைச் சோம்பேறி என்பவருக்கு முதலில் ஒரு வாரம் அந்த டிபன் பாக்ஸைக் கட்டக் கொடுக்க வேண்டும்.

எழுந்து வருகிறவர்களுக்காவது வெளிச்சம் இருக்கிறதா? ஆறு மணி வகுப்பு ஏசி ஹாலில், கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டி, எல்ஈடி வெளிச்சத்தில் நடக்கிறது. மாதக் கட்டணம் கட்டிச் சூரியனுக்கு நமஸ்காரம், சூரியன் மட்டும் வெளியே. இந்தப் பக்கம் புதிதாக வரும் ஐந்து மாடிக் கட்டடங்களில் மொட்டை மாடிதான் எல்லாருக்கும் பொதுவான ஒரே வானம். அதற்குப் பூட்டு. எங்கள் அசோசியேஷனில் சாவி கேட்டபோது கிடைத்த பதில்: “தம்பி, யாராவது விழுந்தா யாரு பொறுப்பு? டிஷ்ஷை ஆட்டி விட்டுட்டா?” அதே குழுவில், அதே வாரம், சூரிய ஒளியின் பத்து நன்மைகள் என்று ஒரு ஃபார்வர்டும் வந்தது.

கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள், மெயின்டனன்ஸ் பணம் அதற்குத்தானே. சாவியை வாட்ச்மேன் மேஜையில் வையுங்கள். காலை ஐந்தரைக்கு எடுப்பவர் எடுக்கட்டும். டிபன் பாக்ஸ் கட்டி முடித்து எட்டரைக்கு ஏறுகிற அக்காவும் எடுக்கட்டும், அப்போதும் வெளிச்சம் இருக்கும். நைட் ஷிப்ட்காரர் மாலை ஐந்தரைக்குக் கேட்டாலும் கொடுங்கள். எதற்கு என்று விசாரிக்காதீர்கள்.