அனலைத் தாங்கும் கரங்கள்

திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு வழிகள் கூடும் ஊர் செம்பட்டி. பேருந்து நிற்கும் சில நிமிடங்களுக்குள் பயணிக்கு உணவு வேண்டும். அந்த அவசரமெல்லாம் உணவகத்தின் அடுப்பருகே நிற்பவரின் கரங்கள்மீதே விழுகிறது. நம் வலீமா விருந்துகளில் பண்டாரியின் நிலையும் இதுவே.

சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவர் என்பதே அதற்குக் காரணம். உணவில் பங்களிப்பது கடமையெனில், அவர் உடலைக் காப்பது அதனினும் முந்திய கடமையன்றோ?

சூடான தேக்சாவை ஈரத்துணியால் பற்றலாகாது. ஈரம் ஆவியாகிக் கையைச் சுடும். உலர்ந்த தடித்த துணியே தேவை. தம் திறக்கையில் மூடியின் எதிர்ப்பக்கத்தை முதலில் உயர்த்தினால், ஆவி முகத்தில் அடிக்காது. எண்ணெய் தீப்பற்றினால் நீரூற்றாமல், அடுப்பை அணைத்து மூடியிட வேண்டும். மழுங்கிய கத்தி வழுக்கிக் கையை வெட்டும். ஆகவே கூர்மை அவசியம். கைதவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாதீர்கள்.

சுட்டுவிட்டால் மோதிரத்தைக் கழற்றி, 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் கையைப் பிடிக்கவும். மை, பற்பசை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். காயம் பெரிதெனில் மருத்துவரை நாடுவீர்.

உணவக உரிமையாளர்களே, விருந்தளிப்போரே! தடித்த துணியும், அடுப்பருகே நீர்க்குழாயும், போதிய ஆட்களும், சற்று அவகாசமும் கொடுங்கள். ருசியைப் புகழ்வதற்கு முன், சமைத்த கரம் நலமா என்று கேளுங்கள்.