‘நாங்க என்ன தப்பு பண்ணினோம்?’ - எலும்பு மஜ்ஜை செயலிழப்பில் பெற்றோர் அறிய வேண்டியவை

அடிபடாமலேயே குழந்தையின் காலில் நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். வெளிறிய முகம், விட்டு விட்டுக் காய்ச்சல். ‘சத்துக் குறைச்சல்தான்’ என்று முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பார்ப்போம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த பிறகுதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே சரிந்திருப்பது தெரியும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள், சில ஆயிரங்களில் நிற்கும்.

ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிடும் இந்த நோய்க்குப் பெயர், ஏப்லாஸ்டிக் அனீமியா. இது புற்றுநோய் அல்ல, தொற்றாது. 1888-ல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இதை முதன்முதலில் பதிவு செய்தார். இன்றும் பெரும்பாலான நோயாளிகளுக்கு ‘ஏன் வந்தது’ என்பது தெரிவதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே மஜ்ஜையைத் தாக்குவதுதான் பலருக்கும் நடக்கிறது.

யார் பக்கத்துக் குறை?

‘அம்மா வழியா, அப்பா வழியா?’ என்று உறவுகள் கேட்கும். டாக்டரும் ஃபேன்கோனி அனீமியா போன்ற பரம்பரைக் காரணம் உண்டா என்று பரிசோதிப்பார். அது பழி சொல்வதற்காக அல்ல. அப்படி இருந்தால் மருந்தும் அளவும் மாறும் என்பதற்காக!

உங்கள் ரத்தம் வேண்டாம்!

அப்பா, மாமா, சித்தப்பா என்று ரத்தம் கொடுக்க முதலில் ஓடி வருவார்கள். ஆனால், நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றினால், பின்னாளில் அவர்கள் குடும்பத்திலிருந்து கிடைக்கும் மஜ்ஜையைக் குழந்தையின் உடல் நிராகரிக்கும் அபாயம் கூடும். எனவே, அவர்கள் ரத்த வங்கியில் பிற நோயாளிகளுக்காகக் கொடுக்கட்டும். குழந்தைக்கு நண்பர்கள், அக்கம்பக்கத்தார் கொடுக்கட்டும்.

சிகிச்சை என்ன?

நோய் தீவிரமாக இருந்தால், முழுமையாகப் பொருந்தும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையின் மஜ்ஜையே முதல் தேர்வு. ஓர் உடன்பிறப்பு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். இல்லையென்றால் ஏ.டி.ஜி ஊசியும் சைக்ளோஸ்போரின் மருந்தும் உண்டு. பலன் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தும், பதிவேட்டில் உள்ள முகம் தெரியாதவரிடமிருந்தும் ஸ்டெம் செல் பெறலாம்.

காத்திருக்கும் நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

எங்கே போவது?

நசரத்பேட்டை போன்ற புறநகரில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. நகருக்குள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் வேலூர் சி.எம்.சி, அதன் ரத்தவியல் பிரிவு இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு. மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதல் நாளே கேளுங்கள்.

‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போகலாம். அதற்காகச் சிகிச்சை ஒருநாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம். 18 வயது தாண்டிய ஆரோக்கியமான வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் பெயர் கொடுக்க, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு தடவல் போதும். எங்கோ ஒரு குழந்தைக்குப் பொருந்துபவர் நீங்களாகவும் இருக்கலாம்!