கூழாங்கல்லை எங்கே பார்த்தீர்கள்?

தமிழில் நல்ல சினிமா என்பது பெரும்பாலும் படிக்கப்பட்ட விஷயம். பார்க்கப்பட்ட விஷயம் அல்ல. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977ல் வந்தது; சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. அதற்குத் திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன் என்பதைச் சொல்லி, மேற்கொண்டு ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கித் தியேட்டரில் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. பெர்க்மன், குரோசவா, ரித்விக் கட்டக் எல்லோருமே நமக்கு முதலில் சிறுபத்திரிகைக் கட்டுரைகளாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அபிப்பிராயம் முன்னால் வந்தது, படம் வரவேயில்லை.

இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எல்லாம் கையிலேயே இருக்கிறதாம்.

கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' மதுரைக்குப் பக்கம் மேலூர் வட்டாரத்துப் பொட்டல் வெயிலில் எடுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த வருஷம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனதும் அதுதான். மேலூர்க்காரன் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் தியேட்டரில் அல்ல, ஓ.டி.டி.யில், அதாவது போனில். அருண் கார்த்திக்கின் 'நசீர்' கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவனின் ஒரு நாள். திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. 2020ல் அதுவும் ராட்டர்டாமுக்குத்தான் முதலில் போனது. நம் ஊர்களைப் பற்றிய படங்களை நாம் வெளிநாட்டு விருதுச் செய்திகளாகப் பேப்பரில் தெரிந்துகொள்கிறோம்.

'கூழாங்கல்'லில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான், அதனால் நடை. காமிரா அவர்களை வெகு தூரத்தில் நிறுத்தி, சுற்றிலும் காய்ந்த நிலத்தை விரித்துக் காட்டுகிறது. அந்த நிலம்தான் படத்தின் பிரதான பாத்திரம். அப்பனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வசனத்தில் விளக்கம் கிடையாது, நிலத்தில் இருக்கிறது. ஆறங்குல போனில் அவர்கள் இரண்டு புள்ளிகள், நிலம் வெறும் மஞ்சள் நிறம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர், நல்ல ரசிகர்தான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தவணையாகப் பார்த்து முடித்தார். நடக்கிற இடங்களைப் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிட்டாராம். "நடந்துகிட்டே இருக்காங்க சார்" என்றார். நடையைத் தள்ளிவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன?

நண்பரைவிட எனக்கு எரிச்சலூட்டுகிறவர்கள் சேகரிப்பாளர்கள். ஹார்ட் டிஸ்கில் இரண்டாயிரம் படங்கள், டெலிகிராமில் வாங்கிய திருட்டுப் பிரதிகள், வருஷக் கடைசியில் ஒரு பட்டியல், நட்சத்திரம், மதிப்பெண். ஒரு படத்தைப் பற்றி எதிரே உட்கார்ந்திருப்பவனோடு அரை மணி நேரம் சண்டை போட இவர்களுக்கு ஆள் கிடையாது. ஆள் வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. அறையைச் சாத்திக்கொண்டு பார்ப்பதையே தீவிரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23ந் தேதி தியேட்டருக்கே வந்தது. உடனே, இதை இங்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, ஓ.டி.டி.க்குக் கொடுத்துவிட்டிருக்க வேண்டும் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே யோசனை வந்தது. சாதாரண ரசிகன்மேல் உள்ள பரிவாம் இது. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. அந்த மௌனத்தை நூறு பேர் கூடியிருக்கும் கொட்டகையில் கேட்பது வேறு. ஒருவன் இருமுகிறான், ஒருவன் எரிச்சலில் சிரிக்கிறான், முன் வரிசையில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறாள். ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது என்பதற்கு இதைத் தவிர வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. சேகரிப்பாளருக்கு இந்த யோசனையில் ஆட்சேபணை இருக்காது. அவருக்கு ஃபைல் வந்தால் போதும். வியாபாரியும் தீவிர ரசிகனும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்த காலம் முன்பு இருந்திருக்காது.

தியேட்டர்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. கரண்ட் பில்லும் சம்பளமும் அவருக்கு உண்டு. பன்னிரண்டு பேருக்காகப் படம் ஓட்ட முடியாது. ஆனால் பிரிண்டுக்கு ஆகும் செலவுதான் தடை என்று அந்த நாளில் சொன்ன காரணம் பொய்த்துப்போயிற்று. அப்போது தகரப் பெட்டிகளில் ரீல்கள் வர வேண்டும், திரும்பப் போக வேண்டும். பிலிம் சொசைட்டிகள் புனே ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தன. இன்று வருவது ஒரு கோப்பும் அதைத் திறக்க ஒரு சாவியும்தான். அப்படியும் வரவில்லை.

எங்களிடமிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரம். 1956 நவம்பர் முதல் தேதி வரை இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. அங்கே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965லேயே சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கிவிட்டார்கள். கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசே தியேட்டர் நடத்துகிறது. 1996லிருந்து சர்வதேச விழா. என் 12 நாள் கேஷுவல் லீவில் பாதி ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கேதான் போகிறது. ஈரானியப் படத்துக்கு வரிசையில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரை மலையாளிகளின் பிறவி ரசனை என்று நம்மவர்கள் சிலாகிப்பார்கள். பிறவி ஒன்றுமில்லை, அறுபது வருஷப் பழக்கம். நம் பக்கம் 2006ல் படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். பெயர்ப்பலகையோடு நம் அக்கறை முடிந்தது.

அரசாங்கம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜான் ஆபிரகாமும் 'ஒடேசா' நண்பர்களும் சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகக் காட்டிக் காசு திரட்டித்தான் 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். ஐம்பது பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய். படம் எடுத்தவருக்குப் பணம் கொடுத்து, முறையாக அனுமதி வாங்கி, மாதம் ஒரு படம் காட்டலாம். டெலிகிராம் பிரதி உதவாது. எடுத்தவனுக்கே காசு போகாத ரசனை என்ன ரசனை? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போதும். படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகாமல் இருக்க டீ வேண்டும்.

ஒரு மண்டபத்தில் ஆடி மாத ஞாயிறு காலைகளுக்குக் கேட்டிருக்கிறேன். என்ன படம் என்று விசாரித்தார்கள், 'கூழாங்கல்' என்றேன். பாட்டு உண்டா என்று கேட்டார்கள். வாடகை விஷயம் இன்னும் படியவில்லை.