சோஷியாலஜி படிச்சா என்ன வேலை?

மகள் பி.ஏ. சோஷியாலஜி கேட்கிறாளா? "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்று தயங்குகிறீர்களா? நியாயமான கேள்விதான்.

இது சோஷியல் வொர்க் படிப்பு அல்ல. சாதி, குடும்பம், தொழில் எல்லாம் நம் வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கின்றன என்று ஆராய்வது. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி, அக்ரஹாரம் முதல் சேரி வரை கவனித்து எழுதிய ஆய்வு 1965-ல் புத்தகமானது. நம் தெருவே பாடம்!

யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2 தாள்கள், 500 மதிப்பெண்கள். தொண்டு நிறுவனம், சர்வே, மீடியா வேலைகளுக்கும் கைகொடுக்கும். ஆனால், பட்டம் மட்டும் போதாது. படிக்கும்போதே களஆய்வு, எக்செல், ரிப்போர்ட் எழுதப் பழகட்டும்.

"என்ன வேலை?" என்பதோடு, "ஏன் பிடிச்சிருக்கு?" என்றும் மகளிடம் கேளுங்களேன்!